கார்க்காரர் கண்ணில் படுவது எப்படி?

சைலன்சரை மாற்றி, தெருவே அதிரும்படி பைக் ஓட்டும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எதற்கு இவ்வளவு சத்தம் என்று கேட்டால், "நான் வர்றது கார்க்காரனுக்குத் தெரியணுமே" என்பார். இந்த விஷயத்தில் எங்களுக்குள் ஓயாத சண்டை. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது என்பது ஒருபுறம் இருக்கட்டும். சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கிறது, ஆபத்து வருவதோ முன்பக்கமிருந்து. ஹாரி ஹர்ட் தலைமையில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் நடந்த சுமார் 900 பைக் விபத்துகளைத் துருவி ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அவற்றில் ஏறக்குறைய முக்கால்வாசி, பைக் இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகள். அந்த மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கு, வழிவிட வேண்டிய வண்டி வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. ஓட்டியவர் பைக்கைப் பார்க்கவே இல்லை, அல்லது பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. இதுதான் அந்த அறிக்கை சொல்லும் முதன்மையான காரணம்.

"நான் பார்க்கவே இல்லைங்க" என்று கார்க்காரர் சொன்னால் நமக்கெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பல நேரம் அது உண்மைதான். தலையைத் திருப்பி நம் திசையில் பார்த்திருப்பார், நாம்தான் அவர் கண்ணில் விழுந்திருக்க மாட்டோம். கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது, அந்தத் தாவல் நேரத்தில் வரும் காட்சியை மூளை அடக்கிவிடுகிறது. ஒரு தாவலுக்குள் ஒரு கார் முழுசாகத் தொலைவது கடினம், பைக் சுலபமாகத் தொலையும். காரின் முன்கண்ணாடிக்கு இருபுறமும் இருக்கும் தூண் வேறு. கொஞ்ச தூரம் தள்ளி வரும் பைக்கை அந்தத் தூண் அப்படியே விழுங்கிவிடும். அதோடு, நேராக எதிரே வரும் பைக் பார்ப்பவர் கண்ணுக்குப் பக்கவாட்டில் நகர்வதில்லை. இருந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. கிட்டே வந்த பிறகுதான் அந்தப் பெருக்கம் கண்ணில் உறைக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு விநாடியில் 17 மீட்டர் தாண்டியிருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சிமுலேட்டரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. சில ஓட்டுநர்கள் பைக்கை நேராகப் பார்த்துவிட்டு, மறுபக்கம் பார்த்துத் திரும்புவதற்குள் அதை மறந்தே போயிருக்கிறார்கள். பைக்கைப் பார்த்ததும் 'பைக்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன யோசனை. கார் ஓட்டும்போது நான் இதைச் செய்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

சரி, பைக்கில் இருக்கும்போது என்ன செய்வது? நான் முதலில் நம்புவது அசைவை. முன்னால் ஒரு கிளைச் சாலையின் வாயில் கார் காத்திருக்கிறது என்றால், தூரத்திலேயே என் லேனுக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நிதானமாக நகர்வேன். அசையாமல் நிற்கும் பின்னணியில் ஒரே ஒரு விளக்கு மட்டும் குறுக்கே நகர்ந்தால் கண் தானாக அங்கே போகும். தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தால் அதிலிருந்தும் வெளியே வந்துவிடலாம். ஆனால் இது பாம்பு மாதிரி வளைந்து நெளியும் வித்தை இல்லை. லேனுக்குள் ஒரே ஒரு நகர்வு, அதுவும் சாலை காய்ந்திருந்து, பக்கத்தில் யாரும் ஒட்டி வராதபோது மட்டும். கார் ஏற்கெனவே உருள ஆரம்பித்துவிட்டால் இதையெல்லாம் விட்டுவிட்டு பிரேக்குக்குப் போக வேண்டியதுதான்.

எங்கே நிற்கிறோம், யாருக்குப் பின்னால் போகிறோம் என்பதும் இதே கணக்கில் சேரும். எங்கள் பெரியப்பா வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். நான் வண்டி பழகிய காலத்தில் நிறுத்திவைத்த லாரியின் ஓட்டுநர் இருக்கையில் என்னை ஏற்றி உட்கார வைத்து, என் வண்டியை லாரியைச் சுற்றித் தள்ளிக்கொண்டே வந்தார். முன் பம்பருக்கு அடியில் வந்ததும் வண்டியும் காணோம், பெரியப்பாவும் காணோம். கிளீனர் பக்கக் கதவருகே குரல் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "மிரர்ல என் மூஞ்சி உனக்குத் தெரியலேன்னா, உன்னை எனக்குத் தெரியாதும்மா. தெரியற இடத்துக்கு வா, இல்லேன்னா பின்னாலேயே தங்கிடு. நடுவுல நிக்காதே." பெரிய வண்டியைத் தாண்டும்போது நான் இன்றைக்கும் மிரரில் அந்த முகத்தைத் தேடுகிறேன். முகம் தெரிந்தால் மட்டும் முன்னேறுவேன், முன்னேறினால் பக்கவாட்டில் உலவிக்கொண்டிருக்காமல் சட்டென்று தாண்டிவிடுவேன். லாரியின் பின்பக்கத்தை ஒட்டிப் போவதிலும் இதே ஆபத்து உண்டு. எதிரே வந்து குறுக்கே திரும்பக் காத்திருப்பவர் லாரி போய்விட்டது, வழி காலி என்று திருப்புவார். அங்கே நான் இருப்பேன்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பி அனுப்பும் உடை போட்டவர்களுக்குக் காயப்படும் அபாயம் 37 சதவீதம் குறைவு, பகலில் ஹெட்லைட் எரியவிட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு, கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்காரர்களுக்கு 24 சதவீதம் குறைவு என்று அதில் வந்தது. உடையில் பளிச்சென்ற நிறத்தைவிடப் பின்னணியிலிருந்து விலகித் தெரிவது முக்கியம். இருபுறமும் மரங்கள் அடர்ந்த சாலையில் என் பச்சை கலந்த மஞ்சள் ஜாக்கெட் அவ்வளவாக எடுபடாது. ஆகவே வெள்ளை ஹெல்மெட், லோ பீமில் எரியும் ஹெட்லைட், இரண்டையும் விடுவதில்லை. பகலிலும் ஹை பீம் போட்டு வருபவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. கண் கூசினால் எதிரே இருப்பவருக்கு நம் தூரமும் வேகமும் பிடிபடாது.

ஹெட்லைட்டைச் சிமிட்டுவது எனக்குப் பிடிக்காத இன்னொரு வழக்கம். 'நான் வருகிறேன், நில்' என்று நினைத்து நாம் சிமிட்டுவோம். 'நீங்கள் போங்கள்' என்று எடுத்துக்கொண்டு அவர் வண்டியை எடுப்பார். ஒரே சிமிட்டலுக்கு நேரெதிரான இரண்டு அர்த்தங்கள் இருக்கும்போது, அதை நம்பி ஒரு சந்திப்புக்குள் நுழைய எனக்குத் துணிச்சல் இல்லை.

ஹார்னுக்கு வருவோம். கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் ஓடும் காருக்குள் நம் ஹார்ன் மிச்சம் மீதியாகத்தான் போய்ச் சேரும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அதனால் தொலைவிலிருந்து நீளமாக அடிப்பதில் பலன் இல்லை. பக்கத்து லேனில் இருப்பவர் என் பக்கம் நகர ஆரம்பிக்கிறார், பார்க்கிங்கில் நிற்கும் கார் பின்னால் வருகிறது, இந்த மாதிரி நேரங்களில் சின்னதாக இரண்டு தட்டு. கோபமாக ஒலிக்காமல் இருந்தால் அவரும் பதறி ஸ்டியரிங்கை ஒடிக்க மாட்டார். கட்டைவிரல் பார்க்காமலே ஹார்னைத் தேடிப் போகிறதா என்று வண்டி நிற்கும்போதே கையுறையோடு பழகிக்கொள்வது நல்லது. சில வண்டிகளில் இண்டிகேட்டரும் ஹார்னும் இடம் மாறியிருக்கும், அவசரத்தில் இண்டிகேட்டர் போட்டுவிட்டு முழிப்போம். ஹார்ன் அடிக்கும் விரல் பிரேக் பிடிக்கும் விரலுக்கு ஓய்வு கொடுத்துவிடக் கூடாது. அவர் நிற்பார் என்ற நம்பிக்கையில் ஹார்னை மட்டும் அழுத்திக்கொண்டே போய் இடித்தவர்கள் இருக்கிறார்கள்.

'ஓட்டுநரின் கண்ணைப் பாருங்கள்' என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். கண்ணோடு கண் பட்டால் போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன். நம்மைப் பார்ப்பது போல இருப்பவர் நமக்குப் பின்னால் வரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் பார்ப்பது காரின் முன் சக்கரத்தை. உருளும் சக்கரத்தின் மேல் விளிம்பு காரைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் நகரும். ஆகவே கார் அசைகிறதா என்பது பானட்டைவிடச் சக்கரத்தில் முன்னதாகவே தெரிந்துவிடும். அது திரும்பியிருந்தால் எந்தப் பக்கம் வரப்போகிறார் என்பதும் தெரியும்.

கண்ணாடியைத் தட்டுவது, மிரரை உதைப்பது, முன்னால் போய்த் திடீர் பிரேக் போடுவது இதெல்லாம் கவனத்தை ஈர்க்கிற வேலையே இல்லை. கோபமான ஓட்டுநர் ஒருவரை நாமே தயார் செய்கிறோம், அவ்வளவுதான்.

பின்னால் வருபவரைப் பலரும் மறந்துவிடுகிறோம். கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைத் தணிக்கும்போது பிரேக் லைட் எரியாது. பின்னால் இருப்பவருக்கு நாம் மெதுவாவது தெரியாது. அந்த நேரத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டால் விளக்கு மட்டும் எரியும். சிக்னலில் கடைசி ஆளாகப் போய் நிற்கும்போதும் இதே வேலை. நான் லேனின் ஓரமாக, முன்னால் நிற்கும் காருக்குப் பக்கத்தில் நுழைய ஓர் இடம் விட்டு நிற்பேன். முதல் கியர், கிளட்ச் கையில், ஒரு கண் மிரரில். வருகிற வண்டி வேகம் குறைக்கிற வரை பிரேக் லைட்டை விட்டு விட்டு எரிய விடுவேன். எனக்குப் பின்னால் ஒரு வண்டி முழுசாக வந்து நின்ற பிறகுதான் நியூட்ரல்.