முட்டை என்ன வேலை பார்த்தது?

குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பணியாற்றிய ஆண்டுகளில், வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளோடு சேர்ந்து சமைப்பது என் பொறுப்பாக இருந்தது. நான்கிலிருந்து ஆறு வயது வரை உள்ளவர்கள் என்பதால் ஓவன் பக்கம் அவர்களை விடுவதில்லை. பிசைவது, கலக்குவது, கரண்டியால் அளந்து போடுவது ஆகியவையே அவர்கள் வேலை. முட்டை ஒவ்வாமை உள்ள ஒரு சிறுமி வந்து சேர்ந்தபோது, அவளுக்கு மட்டும் வேறொரு தின்பண்டத்தைத் தனியாகக் கொடுத்தேன். மற்றவர்கள் கேக் மாவைக் கலக்கிக்கொண்டிருக்க, அவள் மேசையின் ஓரத்தில் கைகளை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து எல்லாருக்குமே முட்டையை நிறுத்திவிட்டேன்.

ஒரு முட்டைக்குக் கால் கோப்பை வாழைப்பழ மசியல் என்ற கணக்கில் முதல் கேக்கைச் செய்தோம். பழத்தை மசிப்பதில் பிள்ளைகளுக்கு அளவற்ற மகிழ்ச்சி. கேக்கோ எழும்பாமல், நடுவில் களியைப் போல அமுங்கிக் கிடந்தது. அதைப் பார்த்த ஒரு சிறுவன், "அப்போ முட்டை என்ன வேலை பார்த்துச்சு, டீச்சர்?" என்று கேட்டான். எத்தனையோ முறை கேக் செய்திருந்தும், "இரண்டு முட்டை" என்ற செய்முறை வரிக்கு அப்பால் நான் யோசித்ததே இல்லை. முட்டை மாவுக்கு ஈரம் தருகிறது, அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்கிறது, சூட்டில் அதன் புரதம் இறுகிக் கேக்கைத் தாங்கி நிறுத்துகிறது. வாழைப்பழம் ஈரத்தையும் இனிப்பையும் கொடுத்ததே தவிர, மற்ற இரண்டு வேலைகளையும் செய்யவில்லை.

அதன்பின் எந்தப் பொருளுக்கு மாற்றுத் தேடினாலும் அந்தச் சிறுவனின் கேள்வியிலிருந்தே தொடங்கினோம். ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்தால் பத்து நிமிடத்தில் முட்டையின் வெள்ளைக்கருவைப் போலக் கொழகொழப்பாகிவிடும். நான்கு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடக் காத்திருப்பு மிக நீண்டது. ஆனால் நிமிடத்துக்கொரு முறை விரலால் தொட்டுப் பார்க்க விட்டதும் யாரும் இடத்தைவிட்டு நகரவில்லை. பிஸ்கட் மாவைப் பிடித்து நிறுத்த அது போதுமானதாக இருந்தது. காற்றைப் பிடிக்கும் வேலைக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டியான நீரை அடித்தோம்; அது வெண்ணிற நுரையாக எழும்பியபோது என்னுடைய வியப்புதான் பெரிதாக இருந்தது. முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக ஆல்ஃபிரட் பேர்டு என்பவர் 1837இல் சோளமாவைக் கொண்டு கஸ்டர்டு செய்த கதையை அன்று சொன்னேன். "அவங்களும் தனியா உட்கார்ந்தாங்களா?" என்று அந்தச் சிறுமி கேட்டாள்.

ஒரு தவற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். முட்டை இல்லாத மாவுதானே என்று, ஓரிரு முறை கரண்டியை நக்கவும் அனுமதித்துவிட்டேன். வேகாத கோதுமை மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதைப் பிறகு அறிந்து, அதை அடியோடு நிறுத்தினேன்; பிள்ளைகள் அதற்காக என்னை நீண்ட நாள் மன்னிக்கவில்லை.

நிலக்கடலை ஒவ்வாத இன்னொரு பிள்ளை வந்தபோது, கடலை விழுதுக்குப் பதிலாகச் சூரியகாந்தி விதை விழுதைச் சேர்த்துப் பிஸ்கட் செய்தோம். ஓவனிலிருந்து எடுத்தபோது நிறம் சரியாகவே இருந்தது. மறுநாள் காலை ஒன்றை உடைத்துப் பார்த்த சக பணியாளர், பூஞ்சை பிடித்துவிட்டதென்று அத்தனையையும் கொட்டப் போய்விட்டார். உள்ளே முழுவதும் பச்சை. அந்த விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சமையல் சோடாவின் காரத்தோடு சேர்ந்தால் ஆறிய பிறகு இப்படிப் பச்சை நிறம் வரும்; உண்பதில் கெடுதல் இல்லை.

அடுத்த வாரம் மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் சோடாவைக் குறைத்துச் சிறிது எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்தோம். அந்தப் பாதி, நான் விரும்பியபடியே பழுப்பு நிறத்தில் நின்றது. அது தட்டில் அப்படியே மிஞ்சியது. பச்சைப் பிஸ்கட்டுகளில் ஒன்றுகூட மீதமில்லை. அதற்கடுத்த வாரம் நான் எலுமிச்சையை எடுத்ததுமே, "அது வேண்டாம் டீச்சர்" என்று ஐந்தாறு குரல்கள் ஒன்றாக எழுந்தன.