ஊதாத விசிலும் ஊதக்கூடாத விசிலும்

கால்பந்து நடுவர் தேர்வுக்கு முதல் முறை போனபோது மருத்துவச் சான்றிதழின் நகலை நீட்டினேன். அசல்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். பஸ் காசும் ஒரு நாளும் போயின. எழுத்துத் தேர்வு, ஓட்டத் தேர்வு இரண்டிலும் சிக்கலில்லை. என்னைக் கவிழ்த்தது செய்முறைத் தேர்வு.

பள்ளி மாணவர்களின் ஆட்டம். பெனால்டி எல்லைக்குச் சற்று வெளியே ஃப்ரீ கிக். "சார், தூரம்!" என்று அடிக்கவிருந்த பையன் கத்தினான். நானும் ஓடிப்போய், எதிரணியினர் வரிசையாக நின்ற சுவரை 9.15 மீட்டருக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் 'டப்' என்று சத்தம். பந்து என் தோளை உரசிக்கொண்டு போய் வலையில் விழுந்தது. கோல்கீப்பரோ இன்னும் கம்பத்தைப் பிடித்தபடி சுவரை நகர்த்திக்கொண்டிருந்தான். பதற்றத்தில் நடுவட்டத்தைக் காட்டி கோல் கொடுத்துவிட்டேன்.

பிறகு தேர்வாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, அவனிடம் விசிலைக் காட்டினாயா?"

காட்டவில்லை. சுவரைத் தள்ளப் போகுமுன் அடிப்பவனின் கண்ணைப் பார்த்து, விசிலை உயர்த்தி, விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ஊதும்வரை அடிக்காதே என்று அதற்குப் பொருள். மீறி அடித்தால் மறுபடி அடிக்கச் சொல்லலாம். அட்டை காட்டிய பிறகும், ஆள் மாற்றிய பிறகும், பெனால்டிக்கும், கோலுக்குப் பின் நடுவிலிருந்து தொடங்கவும் விசில்தான்.

சூடு கண்ட பூனையாகிவிட்டேன். பயிற்சி ஆட்டங்களில் த்ரோ-இன்னுக்கு ஊதினேன், கார்னருக்கு ஊதினேன். "போக்குவரத்துப் போலீஸ் வேலைக்கா படிக்கிறாய்?" என்றார் மூத்த நடுவர் ஒருவர். அவற்றுக்கெல்லாம் கை போதும். நடுவரே பந்தைக் கீழே போட்டுத் தொடங்கும் டிராப் பாலுக்கு அதுவும் வேண்டாம். பந்து தரையைத் தொட்டதுமே ஆட்டம் தொடங்கிவிடும். சும்மா சும்மா ஊதினால், ஊத வேண்டிய இடத்தில் எவனும் காது கொடுக்க மாட்டான். நேரடியாகக் கோல் அடிக்க முடியாத மறைமுக ஃப்ரீ கிக்குக்குத் தூக்கிய கையை, பந்து இன்னொரு ஆட்டக்காரர் மேல் படும்வரையோ, வெளியே போகும்வரையோ, நேரடியாகக் கோல் விழாது என்று தெளிவாகும்வரையோ இறக்காதீர்கள். அதிலும் எனக்கு மதிப்பெண் குறைந்தது.

இரண்டாம் முறையும் கிட்டத்தட்ட அதே இடத்தில் ஃப்ரீ கிக், கூடவே ஒரு மஞ்சள் அட்டை. விசிலைக் காட்டினேன். பையன் தலையசைத்தான். அட்டை வாங்கியவனின் எண்ணைக் குறித்துக்கொண்டு, சுவரைத் தள்ளிவிட்டு, ஊதினேன். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து புளியமரத்தில் சிக்கிக்கொண்டது. அதைக் கல்லெறிந்து இறக்கும்வரை எனக்கு மூச்சே வரவில்லை. அடுத்தது கோல் கிக். பழக்கத்தில் விசில் உதடுவரை வந்துவிட்டது. ஊதவில்லை, கையை மட்டும் நீட்டினேன்.