கட்டிலில் கட்டியதற்குக் கணக்குக் கேட்டேன்

எனக்கு பைபோலார் நோய், அதாவது அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய், இருக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அதற்கான லித்தியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். உடம்பில் அதன் அளவு சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் கொடுத்துப் பார்க்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனநல மையங்களில் நடக்கும் கொடுமைகளைப் பற்றி வாய் திறந்தால், 'இவள் சிகிச்சையே வேண்டாம் என்கிறாள்' என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்குச் சிகிச்சை வேண்டும். கட்டிப்போடுவது சிகிச்சை அல்ல.

நோய் முற்றியிருந்த நேரம். உறக்கமே இல்லாமல் நள்ளிரவில் தண்டையார்பேட்டைத் தெருக்களில் நடந்துகொண்டிருந்தேன். பயந்துபோன அண்ணன் யாரோ கொடுத்த எண்ணுக்குப் பேசினார். வேனில் ஆட்கள் வந்து, செங்குன்றத்தைத் தாண்டி ஒரு தனியார் மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அண்ணனிடம் எழுதாத தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். என் போனைப் பிடுங்கினார்கள். பேன் இருக்கிறது என்று சொல்லித் தலையை மழித்தார்கள். எனக்குப் பேன் இல்லை. கத்தியதற்காகப் பழைய புடவையைக் கிழித்து, கையையும் காலையும் கட்டிலின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். சிறுநீர் கழிக்க வேண்டும் என்று கெஞ்சியபோதும் அவிழ்க்கவில்லை. 'சத்தம் போட்டால் நாளைக்கும் இப்படித்தான்' என்றாள் அங்கே வேலை செய்த பெண். புடவையின் கரை தடிப்பாக இருந்தது. வலது மணிக்கட்டில் அது அறுத்த தழும்பு இன்னும் மறையவில்லை.

பார்க்க வந்த அம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டு, சண்டை போட்டு அன்றைக்கே என்னை வெளியே அழைத்து வந்தார். ஆனால் புகார் என்றதும் அவரே தயங்கினார். 'வந்துவிட்டாய், அது போதும். வெளியே தெரிந்தால் உன் தங்கையை யார் கட்டிக்கொள்வார்கள்?' அம்மாவின் பயம் எனக்குப் புரிந்தது. அந்த மையத்தில் மற்றப் பெண்கள் இன்னும் இருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஸ்டான்லியில் என்னைப் பார்த்த மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கையைத் திருப்பிப் பார்த்து, காயம் எங்கே, எவ்வளவு நீளம், எத்தனை நாளாகியிருக்கலாம் என்று ஓ.பி. சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காயம் ஆறுவதற்குள் அரசு மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள்.

அடுத்து பாரிமுனை, சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல் அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணுக்குப் பேசியும் கேட்கலாம். எனக்குக் கிடைத்த வழக்கறிஞர் அம்மா, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை என் எதிரில் விரித்துவைத்துப் படித்துக் காட்டினார். 20ஆம் பிரிவு: கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. 26ஆம் பிரிவு: போனில் பேச உரிமை உண்டு. 97ஆம் பிரிவு: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான், அதுவும் மனநல மருத்துவரின் அனுமதியோடு கட்டலாம், தண்டனையாகவோ ஊழியர்கள் போதவில்லை என்பதற்காகவோ கட்டக் கூடாது, ஒவ்வொரு முறையும் பதிவு செய்ய வேண்டும். ஒரு பெண்ணை அவள் சம்மதம் இல்லாமல் சேர்த்தால் 3 நாட்களுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு, அதாவது இப்படிச் சேர்க்கப்பட்டவர்களின் முறையீடுகளை விசாரிக்க இந்தச் சட்டம் அமைத்த குழுவுக்கு, தெரிவித்தாக வேண்டும். கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது. எனக்கு நடந்தது ஒவ்வொன்றும் குற்றம் என்று அச்சிலேயே இருந்தது.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று இப்போது சட்டம் சொல்கிறது. சங்கிலிக்குப் பதில் புடவை என்றால் சரியாகிவிடுமா?

முதலில் என் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டு, ஒப்புகை அட்டையோடு தபாலில் விண்ணப்பம் அனுப்பினோம். 25ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. அவர்கள் இழுத்தடித்தார்கள்; வழக்கறிஞர் பெயரில் இன்னொரு கடிதம் போன பிறகே நகல் வந்தது. கட்டியதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. 'நோயாளி ஒத்துழைத்தார்' என்று எழுதியிருந்தார்கள். சம்மதம் இல்லாமல் ஒருவரைச் சேர்ப்பதற்கு இருவர் தனித்தனியாகப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கையெழுத்துதான் இருந்தது.

வாரியத்துக்கு மனுக் கொடுக்கக் கட்டணம் கிடையாது. விசாரணையும் பொதுவில் நடக்காது. அதைக் கேட்ட பிறகுதான் அம்மா கூட வரச் சம்மதித்தார். வாரியத்தில் நீதித்துறையைச் சேர்ந்தவர், மருத்துவர்களோடு, இந்த நோயோடு வாழ்கிறவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் சட்டம் இடம் ஒதுக்கியிருக்கிறது. மையத்தின் சார்பில் வந்தவர், 'அந்த நேரத்தில் இவருக்கு நினைவு சரியாக இல்லை, கற்பனையில் சொல்கிறார்' என்றார். நான் ஓ.பி. சீட்டை நீட்டினேன். அது ஒவ்வொருவர் கையாகப் போனது. மகனை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் உறுப்பினர் ஒருவர், 'இந்தக் காயம் கற்பனையில் வருமா? கட்டியதை எந்தப் பதிவேட்டில் எழுதினீர்கள்?' என்று கேட்டார். வந்தவரிடம் பதில் இல்லை.

மையத்தை நேரில் ஆய்வு செய்ய வாரியம் உத்தரவிட்டது. ஆய்வுக்குப் பிறகு அங்கிருந்த பெண்கள் சிலர் வீடு திரும்பினார்கள், சிலர் அரசு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். கட்டியவர்கள் மீது கொடுத்த போலீஸ் புகார் இன்னும் நகரவில்லை. வழக்கறிஞர் அம்மாவும் நானும் விடுவதாக இல்லை.

இதற்கிடையில் ஒரு வெள்ளைத் தாளில், என் நியமனப் பிரதிநிதி என் தங்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி எனக்கு முடியாமல் போனால் மருத்துவர்கள் முதலில் அவளிடம்தான் பேச வேண்டும். அவளும் சட்டத்தைப் படித்துவிட்டாள்.