இல்லாத வண்டிக்கு மாதச் செலவு

ஜூன் 8, 2025, ஞாயிறு

ஆடி டி.டி. (Audi TT) ஸ்போர்ட்ஸ் கார், 2012 மாடல், கர்நாடகப் பதிவு, இரண்டாவது ஓனர், 61,000 கிலோமீட்டர் ஓட்டம். கேட்கும் விலை 16.5 லட்சம். கோயம்புத்தூர் புரோக்கர் ஒருவர் விளம்பரம் போட்டிருக்கிறார். சிவப்பு இல்லை, வெள்ளி நிறம். அதுதான் இந்த வண்டிக்குப் பொருத்தமும்.

இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 211 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, ஆறு கியர் இரட்டை கிளட்ச். ஹங்கேரியில் கட்டி, முழு வண்டியாகக் கப்பலில் இறங்கியது. 1995-ல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் மாதிரியாக வைத்தார்கள். 2023 நவம்பரில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். இனிமேல் கோடீஸ்வரனாலும் இதைப் புதிதாக வாங்க முடியாது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 68,000. மனைவிக்குப் பள்ளியில் 31,000. வீட்டுக்கடன் 27,000 போகிறது. பைக் கடன் போன மாதம்தான் முடிந்தது. இந்தக் கிறுக்கு மறுபடி தலைதூக்கியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஜூன் 14, சனி

வங்கிக்குப் போய்க் கேட்டேன். 13 வருட வண்டி என்றதும் அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். பழைய காருக்குக் கடன் கொடுக்கும்போது வண்டியின் வயதையும் தவணைக் காலத்தையும் கூட்டிப் பார்ப்பார்களாம். கடன் முடியும்போது பத்து வருடத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் பெரும்பாலான இடங்களில் கணக்கு. அதாவது, விலை இறங்கி நம் கைக்கு எட்டும் தூரத்துக்கு வரும்போது கடன் கிடைக்காது. கடன் கிடைக்கும் வயதில் இருக்கும்போது விலை எட்டாது.

தனிநபர் கடன் வாங்கலாமே என்று பக்கத்து நாற்காலிக்காரர் உற்சாகப்படுத்தினார். 12 லட்சம், 13 சதவீதம், ஐந்து வருடம் என்றால் மாதம் 27,300. வட்டி மட்டும் 4.38 லட்சம். வீட்டுக்கு ஒரு கடன், வண்டி நிற்பதற்கு இன்னொரு கடனா?

இன்னொன்று வரி. கர்நாடக வண்டியை இங்கே கொண்டுவந்தால் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் மறுபடி ஆயுள் வரி கட்ட வேண்டும். புது வண்டி 20 லட்சத்தைத் தாண்டினால் இங்கே 20 சதவீதம். பழையதற்கு வயதைப் பொறுத்துக் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் கணக்கு தொடங்குவது நான் கொடுக்கும் விலையில் இல்லை, அன்றைக்கு ஷோரூமில் இருந்த விலையில். வெளிமாநில வண்டி மலிவாகத் தெரிவதன் ரகசியம் பாதி இதுதான். டெல்லி வண்டிகள் இன்னும் மலிவு. அங்கே டீசல் வண்டிக்கு 10, பெட்ரோல் வண்டிக்கு 15 வருடம் என்று ஆயுள் வைத்துவிட்டதால் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

கோவை கணபதியில் மெக்கானிக் அண்ணன் பட்டறை. ஜெர்மன் வண்டிகள்தான் அவருக்குப் பிழைப்பு. ரேம்ப்பில் ஒரு செடான் நின்றது. அதே குடும்பத்து இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். கீழே தட்டு வைத்து எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சத்தை விரலில் தொட்டு என்னிடம் நீட்டினார். கறுப்பு, லேசாகக் கருகிய வாசம். வடிகால் திருகின் காந்த முனையில் சாம்பல் நிறப் பசை அப்பியிருந்தது. துணியில் துடைத்தால் மினுமினுத்தது.

"இதை 60,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தோணுங்க. மாத்தாம ஓட்டுனா மெக்கட்ரானிக்ஸ், அதாங்க கியரை மாத்தற கன்ட்ரோல் யூனிட்டு, போயிரும். வண்டி வாங்கறவங்க எல்லாரும் சீட்டுத் தோலைத்தான் தடவிப் பாக்கறாங்க."

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய மாதக் கணக்கு இது. இன்சூரன்ஸ் 3,400. இதில் மூன்றாம் நபர் காப்பு மட்டும் 1,500 சி.சி.க்கு மேலுள்ள காருக்கு வருடம் 7,897, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மீதி சொந்த சேதத்துக்கு. பெட்ரோல், வார இறுதியில் மட்டும் ஓட்டினாலும் மாதம் 400 கிலோமீட்டர், லிட்டருக்கு ஒன்பது கொடுத்தால் 4,500. சர்வீஸ், கியர்பாக்ஸ் எண்ணெய், பின் அச்சு கப்ளிங் எண்ணெய் எல்லாம் சேர்த்து 5,000. டயர் 1,500. திடீர்ச் செலவுக்கு 6,000. மொத்தம் 20,400.

தவிர 2027-ல் 15 வருடம் முடிகிறது. ஆர்.சி. புதுப்பிக்க உள்ளூர்க் காருக்கு 5,000 கட்டணம் என்றால், இறக்குமதிக் காருக்கு 40,000.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த 20,400 தான் மண்டையில் ஓடியது. 16.5 லட்சத்தைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

இன்று முடிவு செய்துவிட்டேன். வண்டி வாங்கவில்லை. ஆனால் வண்டி இருந்தால் என்ன செலவாகுமோ அதை இந்த மாதத்திலிருந்தே கட்டப் போகிறேன். தபால் நிலையத்தில் ஐந்து வருட ஆர்.டி., மாதம் 20,400. ஐந்து வருடம் கட்ட முடிந்தால் என்னால் அந்த மாதிரி வண்டியை வைத்துக்கொள்ள முடியும் என்று அர்த்தம். முடியாவிட்டால், சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கட்டி முடித்தால், இப்போதுள்ள 6.7 சதவீத வட்டிக்குக் கையில் சுமார் 14.55 லட்சம் இருக்கும். வைத்துக்கொள்ள முடியும் என்று நிரூபிக்கிற பணமே வாங்குகிற பணமும் ஆகிவிடுகிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அதற்குள் இந்த 2012 வண்டி கிழவனாகியிருக்கும். பரவாயில்லை, 2015-க்குப் பிறகு வந்த அடுத்த தலைமுறை டி.டி. அப்போது இந்த விலைக்கு இறங்கி வந்திருக்கும். நாம் ஏறிப் பிடிக்க வேண்டாம், அது இறங்கி வரட்டும்.

மனைவியிடம் பாஸ்புக்கைக் காட்டினேன்.

"ஏனுங்க, இல்லாத வண்டிக்கு மாசம் இருவதாயிரமா?"

"ஆமா."

"அப்ப என்னோட இல்லாத வளையலுக்கும் ஒண்ணு ஆரம்பிங்க."

ஆரம்பித்தாயிற்று. 3,000.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒரு மாதம் ஓடியது. ஹோட்டல் போகவில்லை, இரண்டு ஞாயிறு ஓவர்டைம் பார்த்தேன். அலுவலகத்தில் இரண்டு பேருக்கு விஷயம் தெரிந்து, "ஓனர் வந்துட்டாரு" என்கிறார்கள். பைக்கை நிறுத்தும்போது, "டி.டி.க்கு நிழல் பாத்து விடுங்க" என்று ஒருவன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இந்த மாதம் தவணை கட்டவில்லை. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் என்று வந்தபிறகு ஆர்.டி.யாவது ஒன்றாவது. தோடு, பட்டுப் பாவாடை, தட்டு வரிசை என்று 45,000 போனது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அஞ்சலக விதிப்படி தவறிய மாதத்துக்கு நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், எனக்கு 204. அடுத்த மாதம் சேர்த்துக் கட்ட வேண்டும். தொடர்ந்து நான்கைத் தாண்டி விட்டால்தான் கணக்கு நின்றுபோகும்.

நிஜத்தில் வண்டி வாசலில் நின்றிருந்தால் இந்த மாதம் இன்சூரன்ஸ் கட்டாமல் விட்டிருப்பேனா, கியர்பாக்ஸ் எண்ணெயைத் தள்ளிப் போட்டிருப்பேனா? தள்ளித்தான் போட்டிருப்பேன். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். பழைய சொகுசு வண்டிகள் கெட்டுப்போவது ரோட்டினால் இல்லை, இப்படிப்பட்ட மாதங்களினால்.

அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறது. 22-ம் தேதி புது வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. குறைந்தது. அதனாலோ, ஆள் வராததாலோ, விலை 15.25 ஆகியிருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

பட்டறை அண்ணன் கூப்பிட்டார். அவருடைய வாடிக்கையாளர் ஒருவர், மில் உதிரிபாக வியாபாரி, அதே வெள்ளி டி.டி.யைப் பார்க்கப் போகிறாராம். "நீங்களும் வாங்க, கணக்குப் போட்ட ஆளு." விடுவேனா?

காலை எட்டு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். போனதும் அண்ணன் பேசவே இல்லை, நேராகப் போய் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு. புரோக்கர் அதற்கு முன்பே ஒரு மணி நேரம் ஓட்டி வைத்திருக்கிறார். ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினை முதல் தடவை தட்டும்போது வரும் சத்தத்தில்தான் பாதி விஷயம் தெரியும். "நாளைக்கு வர்றோம், தட்டாம வைங்க" என்றார் அண்ணன். "நாளைக்கு வேற பார்ட்டி வருதுங்க." அது எப்போதும் வரும் பார்ட்டி.

என்னையும் ஓட்டச் சொன்னார்கள். உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி. அடிப்பக்கம் தட்டையாக வெட்டிய ஸ்டியரிங். மூன்று நாள் முன்னால் திறந்த அவினாசி ரோடு மேம்பாலத்தில், கோல்ட்வின்ஸ் பக்கம் ஏறி, ஆசை தீர ஒரு தடவை மிதித்தேன். முதுகு சீட்டில் ஒட்டியது. அண்ணன் பின் சீட்டில் மடங்கி உட்கார்ந்திருந்தார், பாவம், அது மனிதர்களுக்கான சீட் இல்லை. உப்பிலிபாளையத்தில் இறங்கி நெரிசலில் ஊர்ந்தபோது, இரண்டாவது கியர் விழும்போது சின்னதாக ஒரு உதறல். கண்ணாடியில் பார்த்தேன். அண்ணனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வீஸ் புத்தகத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றியதாக எங்கும் இல்லை. அண்ணன் வேண்டாம் என்றார். வியாபாரிக்கு வண்டி பிடித்துவிட்டது. தீபாவளிக்கு முன்னால் வேண்டுமாம். 14.8-க்கு முடித்தார்.

எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதினால் பொய்.

நவம்பர் 16, ஞாயிறு

அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர் தடம். கரிவர்தன் பேரில் வைத்தது. 80-களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி ஃபார்முலா மாருதி என்று ரேஸ் கார் கட்டியவர் அவர். நம்மூர்ப் பையன்கள் கட்டுப்படியாகும் செலவில் ரேஸ் ஓட்ட வேண்டும் என்பதுதான் எண்ணம். 1995-ல் சின்ன விமானம் ஒன்று விழுந்து இறந்துபோனார். பத்து வருடம் கழித்து இதே ஊர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் ஓட்டினார். இந்தியாவிலிருந்து போன முதல் ஆள்.

எல்.ஜி.பி. ஃபார்முலா என்கிற ரேஸ் வண்டிகள் சுற்றிக்கொண்டிருந்தன. மாருதி இன்ஜின்தான், 1.3 லிட்டர். ஆனால் வளைவில் அவை திரும்புகிற வேகத்துக்கு டி.டி. எல்லாம் மாட்டு வண்டி. என்னைக் கேட்டால், ஸ்போர்ட்ஸ் கார் என்பதில் குதிரைத்திறனை விட எடைக்குத்தான் மரியாதை தர வேண்டும். பையனுக்கு வேறு கவலை. "மாமா, இதுல ஏ.சி. இருக்குமா?"

இரண்டு மாதத் தவணையும் அபராதமும் கட்டியாயிற்று. கணக்கு நேராக இருக்கிறது.

டிசம்பர் 13, சனி

வெள்ளி டி.டி. லாரியில் ஏறிப் பட்டறைக்கு வந்திருக்கிறது. ஒன்று, மூன்று, ஐந்து, ரிவர்ஸ் மட்டும் விழுகிறது. இரண்டு, நான்கு, ஆறு இல்லை. இந்தப் பெட்டியில் இரட்டைப்படை கியர்களுக்குத் தனி கிளட்ச். அந்தப் பக்கம் மொத்தமாகக் கைவிட்டுவிட்டது. மெக்கட்ரானிக்ஸ் புதிதாக வரவழைத்தால், கிளட்சும் சேர்த்து மூன்றரை லட்சத்துக்குக் குறையாது என்கிறார் அண்ணன். பழுது பார்த்த யூனிட் கிடைத்தால் பாதி.

வியாபாரிக்குப் பணம் பிரச்சினை இல்லை, மனசு விட்டுப்போய்விட்டது. என்னைப் பார்த்து, "நீங்க வெச்சுக்கறீங்களா, ஒம்பது குடுத்தாப் போதும்" என்றார். ஒன்பதும் மூன்றரையும் பன்னிரண்டரை. ஒரு நிமிடம் வாய் உலர்ந்தது உண்மை. என் பாஸ்புக்கில் ஒன்றே கால் லட்சம்கூட முழுதாக இல்லை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து நோட்டை எடுத்தேன். திடீர்ச் செலவு என்று போட்டிருந்த 6,000-ஐ அடித்து 9,000 ஆக்கினேன். மொத்தம் 23,400. ஆர்.டி. தொகையை நடுவில் மாற்ற முடியாது. ஜனவரியிலிருந்து 3,000-க்குப் புதிதாக இன்னொரு கணக்குத் தொடங்க வேண்டும்.

"அது எங்கிருந்து வருமுங்க?" என்றாள். வளையல் கணக்கைத் தொட மாட்டேன் என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கேட்டாள். ஜனவரியில் இன்க்ரிமென்ட் வரும், பார்க்கலாம்.

நாளைக்கு கியர்பாக்ஸை இறக்குகிறார்களாம். ஒரு கை குறைகிறது, வர முடியுமா என்று அண்ணன் கேட்டார். பழைய சட்டையை எடுத்து வைத்துவிட்டேன்.