ஒரு நாள் பின்வாங்கிய பிறந்த திகதி

ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுவைக்குப் பயன்படும் செயலியை நான் பராமரித்து வருகிறேன். மலைச்சரிவில் சிக்னல் நிலையாகக் கிடைப்பதில்லை என்பதால் எல்லா விபரமும் முதலில் கைபேசியிலுள்ள எஸ்கியூலைட் தரவுத்தளத்தில்தான் பதிவாகும். அதற்கென ஒரு சிறிய ஓஆர்எம் நூலகத்தையும், அதாவது செயலியின் விபரங்களைத் தரவுத்தளத்தில் எழுதவும் வாசிக்கவும் உதவும் நிரல் தொகுப்பையும், நானே எழுதியிருந்தேன். சென்ற மாதம் ஓர் அக்கா, “தம்பி, நான் பொறந்தது மார்ச் பதினாலு, இதுல பதிமூணுன்னு இருக்கே” என்றார். திருத்திச் சேமித்து மீண்டும் திறந்தேன். அப்போதும் 13 என்றே காட்டியது. ஆனால், 1974இல் பிறந்த அவருடைய அம்மாவின் திகதியும் 2022இல் பிறந்த மகளின் திகதியும் சரியாகவே இருந்தன.

இலங்கையின் நேரம் எப்போதும் உலகப் பொது நேரமான யூடிசியை விட ஐந்தரை மணித்தியாலம் முந்தியதாக இருக்கவில்லை. 1996 மே மாதத்தில் அது ஆறரை மணித்தியாலமாகி, அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறாகி, 2006 ஏப்ரலில்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. எஸ்கியூலைட்டில் திகதிக்கெனத் தனி வகை இல்லாததால், என் நூலகம் பிறந்த நாளின் நள்ளிரவை யூடிசி நேரத்துக்கு மாற்றி, மில்லிசெக்கன் எண்ணாகச் சேமித்தது. எழுதும்போது அந்தக் காலத்து ஆறு மணித்தியாலத்தைக் கழித்த அதே நூலகம், வாசிக்கும்போது இன்றைய ஐந்தரையைக் கூட்டியது. எனவே அக்கா பிறந்த 2001 மார்ச் 14ஆம் திகதி நள்ளிரவு, 13ஆம் திகதி இரவு 11.30 ஆனது. இதைவிட என்னை வருத்தியது வேறொன்று: தொலைபேசி இலக்கத்தை மாற்றுவதற்காக யாராவது அந்தப் பதிவைத் திறந்து சேமித்தாலே, பிறந்த நாள் இன்னொரு நாள் பின்னால் போய்விடும்.

பிறந்த திகதிக்கு நேரமே தேவையில்லை. இப்போது அது ‘2001-03-14’ என வெறும் எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது. பழைய எண்களை அந்தந்தக் காலத்து நேர வித்தியாசத்தைக் கொண்டு மாற்றினேன். ஆனால் பலமுறை சேமிக்கப்பட்ட பதிவுகளை அப்படி மீட்க முடியாது. அவற்றுக்கு அடையாள அட்டை இலக்கம் உதவியது. பன்னிரண்டு இலக்க அட்டையில் பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். அந்தக் கணக்கில் எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்பதைக் கவனிக்காவிட்டால், சரியான பதிவுகூடப் பிழையாகத் தெரியும். அக்காவின் அட்டை 2001574 எனத் தொடங்கியது. 31, 29, 14 ஆகியவற்றைக் கூட்டினால் 74, மார்ச் 14தான். அட்டையோடு ஒத்துப்போகாமல் எஞ்சிய மூன்று பதிவுகளைப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு தோட்ட அலுவலகக் கிளாக்கரிடம் கொடுத்திருக்கிறேன்.