பத்து லீயும் ஒரே பஞ்சு

பல்லடத்துக்கு மேற்கே ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். படித்தது புள்ளியியல். இழையை விரலில் இழுத்துப் பார்த்தே பஞ்சின் தரம் சொல்லும் கை எனக்கு இல்லை; கணினியில் ஆர் என்ற நிரல் மொழியில் கணக்குப் போடுவதுதான் என் பங்கு. கொள்முதல் பருவம் தொடங்கும் முன் என்னிடம் ஒரு கேள்வி வந்தது. பஞ்சின் வலிமை டெக்ஸுக்கு ஒரு கிராம் கூடினால், குட்டை இழைகளைச் சீவி நீக்கி நூற்ற நாற்பதாம் நம்பர் கோம்டு நூலின் வலிமையைக் காட்டும் சி.எஸ்.பி. என்ற அளவு எவ்வளவு கூடும்? 356 கிலோ கொண்ட ஒரு கேண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்பதை அந்த விடையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

120 கஜ நூலை ஒரு லீயாகச் சுற்றி இயந்திரத்தில் மாட்டி இழுப்பார்கள். அது எத்தனை பவுண்டில் அறுகிறதோ அதை நூலின் நம்பரால், அதாவது அதன் மெல்லிசைக் குறிக்கும் எண்ணால், பெருக்கினால் சி.எஸ்.பி. என்னிடம் 48 மிக்சிங்குகளின், அதாவது நூற்பதற்குக் கலந்த பஞ்சுத் தொகுதிகளின், பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பத்து லீ, ஆக 480 வரிகள். பஞ்சின் குணங்கள் மாறினால் சி.எஸ்.பி. எவ்வளவு மாறும் என்று கணிக்கும் ரெக்ரஷன் போட்டேன், எண் வந்தது. ஆனால் அந்த எண் எவ்வளவு தூரம் ஆடக்கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், பணம் போடுகிறவருக்கு அது பயன்படாது. அதற்காகத்தான் பூட்ஸ்ட்ராப்பை எடுத்தேன். பிராட்லி எஃப்ரான் 1979-இல் முன்வைத்த முறை அது. கையில் உள்ள தரவிலிருந்தே, எடுத்ததைத் திரும்பப் போட்டு மீண்டும் மீண்டும் எடுத்து, ஒவ்வொரு முறையும் கணக்கை மறுபடி போட்டு, விடை எவ்வளவு சிதறுகிறது என்று பார்ப்பது. சூத்திரத்தை மட்டும் நம்பாமல் கண்ணால் பார்க்க வைப்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம் உண்டு.

முதல் ஓட்டத்தில் திட்டப் பிழை, அதாவது அந்தச் சிதறலின் அளவு, சுழியம் என்று வந்தது. இரண்டாயிரம் முறையும் ஒரே விடை. காரணம் எளியது: குலுக்கி எடுத்த அட்டவணைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, ரெக்ரஷனுக்குப் பழைய முழு அட்டவணையின் பெயரையே கொடுத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் திருத்தினேன். உண்மை விடை இருக்கக்கூடிய எல்லைகளைக் காட்டும் இடைவெளி குறுகலாக, சுழியத்தை விட்டு வெகு தூரத்தில் வந்தது. தாளில் அச்சிட்டு, கூடத்தின் மூத்த பரிசோதகர் அக்காவிடம் காட்டினேன்.

முப்பது ஆண்டுகளாக லீ சுற்றிய கை அவருடையது. தாளை வாங்கி, 480 என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார். "இத்தனை எங்கிருந்து வந்தது கண்ணு?" என்றார். மிக்சிங்குக்குப் பத்து என்று சொன்னேன். "பத்து லீயும் ஒரே பஞ்சுதானே?" என்று கேட்டுவிட்டு ரீலைச் சுற்றப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். பஞ்சின் வலிமை, நீளம், இழையின் பருமனைக் காட்டும் மைக்ரோனேர் எல்லாம் ஒரு மிக்சிங்குக்கு ஒரே எண்கள். அந்தப் பத்து வரிகளும் கூடிப் பிறந்தவை. ஒன்று உயர்ந்தால் மற்றவையும் உயரும். என் நிரலோ அவற்றை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 480 சாட்சிகளாக எண்ணிக் குலுக்கிக்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்து இல்லை, எச்சரிக்கை இல்லை, மேலோட்டமாகப் பார்த்தால் குறையே இல்லை. குலுக்க வேண்டியது லீயை அல்ல, மிக்சிங்கை.

அன்று மாலையே மாற்றி எழுதினேன். 48 மிக்சிங் எண்களைக் குலுக்கி, வந்தவற்றின் வரிகளை அட்டவணையிலிருந்து பொறுக்கும்படி செய்தேன். இப்போது நிரல் பாதியில் நின்றது: நிரப்ப வேண்டிய இடமும் நிரப்ப வந்த எண்களும் அளவில் பொருந்தவில்லை என்றது. சில சுற்றுகளில் மட்டும் ஒரு கெழு, அதாவது ரெக்ரஷன் தரும் எண்களில் ஒன்று, குறைவாக வந்துகொண்டிருந்தது. ரகம் என்ற பத்தியில்தான் சிக்கல். பெரும்பாலான மிக்சிங் சங்கர்-6, சில பன்னி. கோயம்புத்தூரிலேயே உருவாக்கப்பட்ட எம்.சி.யு.-5 மூன்றே மூன்று. 48 தடவை எடுப்பதில் அந்த மூன்றில் ஒன்றுகூட வராமல் போக நூற்றுக்கு நான்கரை வாய்ப்பு உண்டு. இரண்டாயிரம் சுற்றில் ஏறத்தாழ தொண்ணூறு முறை. லீயைக் குலுக்கியபோது இந்தப் பிழை ஏன் தலைகாட்டவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. 480 வரிகளில் முப்பது வரிகளும் ஒருசேரத் தப்புவது நடக்கவே நடக்காத காரியம். தவறான வழியில் ஓடியபோது சத்தமே இல்லை. சரியான வழிக்குத் திரும்பிய பிறகுதான் நிரல் கத்தியது.

எந்தச் சுற்றில் நிற்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை வரிகள் சேர்ந்தன என்று அச்சிடச் சொன்னேன். 310. 290. 300. 320. எனக்குத் திக்கென்றது. எல்லாமே 480 ஆக இருந்திருக்க வேண்டும். வரிகளைப் பொறுக்க, 'இந்த எண் பட்டியலில் இருக்கிறதா' என்று கேட்கும் குறியைப் போட்டிருந்தேன். இருக்கிறதா என்றால் இருக்கிறது என்றுதான் அது சொல்லும். எத்தனை முறை இருக்கிறது என்று சொல்லாது. ஒரே மிக்சிங் மூன்று முறை குலுக்கலில் வந்தாலும் அதன் பத்து வரிகள் ஒரே ஒரு முறைதான் சேர்ந்தன. திரும்பப் போட்டு எடுப்பதுதான் இந்த முறையின் உயிர். அதையே நான் வெட்டிவிட்டிருந்தேன். ரகச் சிக்கலை மட்டும் திருத்தியிருந்தால், உண்மையான அகலத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கே உள்ள இடைவெளியைக் கொள்முதல் மேசைக்கு அனுப்பியிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

மிக்சிங் வாரியாக அட்டவணையைப் பிரித்து வைத்து, குலுக்கலில் வந்த ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் துண்டை, வந்த தடவையெல்லாம், ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினேன். எம்.சி.யு.-5 விடுபடாமல் இருக்க ஒவ்வொரு ரகத்துக்குள்ளும் தனித்தனியாகக் குலுக்கச் சொன்னேன். 480, 480, 480 என்று திரையில் வரிசையாக இறங்கியபோது மூச்சு சீரானது.

இடைவெளி முதல் தாளில் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அகன்றிருந்தது. கீழ் முனை சுழியத்தை உரசிக்கொண்டு நின்றது. கூடுதல் விலை கொடுக்கச் சொல்லும் அளவுக்கு நம்மிடம் சான்று இல்லை என்று எழுதிக்கொடுத்தேன். எம்.சி.யு.-5 கெழுவுக்கு இடைவெளி போடாமல், பக்கத்தில் 'மூன்று மிக்சிங் மட்டும்' என்று குறித்தேன். மூன்றே மூன்றை எத்தனை ஆயிரம் முறை குலுக்கினாலும் நான்காவது ஒன்று அதற்குள்ளிருந்து பிறக்காது.

அந்தத் தாளின் நகல் ஒன்றை அக்கா லீ இயந்திரத்துக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறார். தை மாதத்தில் ஒரு நாள் காலை, நான் பையை வைப்பதற்குள் கூடத்தின் உள்ளிருந்து குரல் வந்தது: "கண்ணு, நான்காவது வந்திருக்கிறது."