எஞ்சின் யாருடையது?

இலங்கையில், மட்டக்களப்பு மாவட்டத்துக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் நெல் வெட்டு மெசினும் டிரக்டரும் திருத்துவது என் தொழில். கராஜுக்கு வரும் பொடியன்கள் யூரியூப்பில் டாங்கி ஒப்பீடு பார்த்துவிட்டு வந்து, "மாமா, ஏப்ராம்ஸா, லெப்பர்டா, ரி-90-ஆ, எது கெட்டி?" என்று கேட்பார்கள். அந்த வீடியோக்களில் பீரங்கி எத்தனை மில்லிமீற்றர், கவசம் எவ்வளவு தடிப்பு என்பதுதான் பேச்சு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எஞ்சின் யார் செய்தது?

ரஷ்ய டாங்கிகளை எடுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ரி-34-க்குள் இருந்தது பன்னிரண்டு சிலிண்டர் டீசல், 500 குதிரைவலு. அதே குடும்பத்து எஞ்சின்தான் ரி-55-இல் 580, ரி-72-இல் 780 என்று வளர்ந்து, இந்தியா வாங்கிய ரி-90-இல் 1000-க்கு வந்து நிற்கிறது. கொள்ளளவு இன்றைக்கும் அதே 38.8 லீற்றர். ஒரு எஞ்சினை இத்தனை காலம் விடாமல் செதுக்கிக்கொண்டு வந்ததை நான் மனதாரப் பாராட்டுவேன். ஆனால் ரி-72 பின்பக்கம் ஓடும் வேகம் மணிக்கு நாலு கிலோமீற்றர் அளவுதான், நடந்து போகிற ஆளின் வேகம். ஜேர்மனியின் லெப்பர்ட் 2 பின்னுக்கு 31 கிலோமீற்றரில் ஓடும். அடி விழும் இடத்திலிருந்து விலக வேண்டிய நேரத்தில் ரி-72-க்குள் இருக்கிற மூன்று பேரின் உயிர் அந்தக் கியர்பொக்ஸில்தான் இருக்கிறது. லெப்பர்டில் எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒரே கட்டாக வெளியே வரும். பழகிய ஆட்கள் கிரேன் வைத்து 35 நிமிடத்தில் மாற்றிவிடுவார்களாம். ரி-72-இல் அதே வேலைக்குப் பல மணித்தியாலம் போகும். அமெரிக்காவின் ஏப்ராம்ஸில் இருக்கிற டர்பைன் எஞ்சினுக்கும் லெப்பர்டின் டீசலுக்கும் வலு ஒன்றுதான், 1500. ஆனால் டர்பைன் சும்மா நிற்கும்போதும் எண்ணெய் குடிக்கும். பின்னால் எண்ணெய்ப் பவுசர் வரிசை இல்லாத நாட்டுக்கு அது சரிவராது.

எனக்கு மிகவும் பிடித்த எஞ்சின் உக்ரேனின் கார்கிவ் நகரத்தில் செய்கிற 6டிடி. சிலிண்டர் ஆறு, பிஸ்டன் பன்னிரண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன் எதிரெதிரே வந்து நடுவில் எரிக்கும். சிலிண்டர் ஹெட்டே கிடையாது, வால்வும் கிடையாது. அவ்வளவு சின்ன இடத்துக்குள் 1200 குதிரைவலு. பாகிஸ்தானின் அல்-காலித் டாங்கிக்குள் இருப்பது இதுதான். 2022-இலிருந்து கார்கிவ் ரஷ்யக் குண்டுகளுக்குக் கீழே கிடக்கிறது. லாகூரிலோ ராவல்பிண்டியிலோ இருக்கிற ஒரு மெக்கானிக் இப்போது உதிரிப்பாகத்துக்கு யாரைக் கேட்பான் என்று நான் உண்மையாகவே யோசிப்பதுண்டு.

2022-இல் எங்களுக்கும் அது நடந்தது. நாட்டில் டொலர் இல்லை, சாமான் இறங்கவில்லை. ஒரு ஹைட்ரோலிக் பம்ப் சீல் இல்லாமல் நல்ல வெட்டு மெசின்கள் வளவுக்குள் நின்றன, விளைந்த நெல் வயலில் நின்றது. மெசின் வாங்கியவர் உறுதிப் பத்திரம் வைத்திருந்தார். அதை ஓட வைக்கிற சாமானோ கடலுக்கு அப்பால் இருந்தது.

ஆயுத ஏற்றுமதியும் இப்படித்தான். கிபிர் போர் விமானத்தை எடுங்கள். அந்தச் சத்தத்தை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இலங்கை அதை 1996-இல் இஸ்ரேலிடம் வாங்கியது. விமானம் இஸ்ரேலுடையது, உள்ளே இருக்கும் ஜே79 எஞ்சினின் வடிவமைப்பு அமெரிக்காவுடையது. அதனால்தான் 1977-இல் இஸ்ரேல் ஈக்குவடோருக்குக் கிபிர் விற்கப் போனபோது அமெரிக்கா தடுத்தது. விற்க அனுமதி கொடுத்தவர்களுக்கும் அந்த விமானம் எங்கே பறக்கிறது என்பதில் பொறுப்பு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். விற்றது நாங்கள் இல்லை என்று ஒதுங்க முடியாது.

குண்டுக்கும் இதே கதை. ஜேர்மனி உக்ரேனுக்குக் கெபார்ட் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் கொடுத்தது. அதற்கு வேண்டிய 35 மில்லிமீற்றர் குண்டுகள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. போர் நடக்கும் நாட்டுக்கு மறுபடி அனுப்பக் கூடாது என்று சுவிஸ் மறுத்துவிட்டது. ஜேர்மனி கடைசியில் தன் நாட்டிலேயே அந்தக் குண்டைச் செய்யத் தொடங்கியது.

சொந்த டாங்கி என்று பெருமைப்படும் நாடுகளையும் இந்தக் கண்ணால் பாருங்கள். இந்தியாவின் அர்ஜுன் நல்ல முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் எஞ்சினும் கியர்பொக்ஸும் ஜேர்மன். துருக்கி தன் அல்தாய்க்கு ஜேர்மன் எஞ்சினைத்தான் நம்பியிருந்தது. ஜேர்மனி ஏற்றுமதி அனுமதி கொடுக்காததால் வேலை வருடக்கணக்கில் இழுபட்டது. அப்புறம் துருக்கி தென் கொரியாவிடம் போனது.

கொரியாக்காரரின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். தங்கள் கே2 டாங்கியை முதலில் ஜேர்மன் எஞ்சினோடுதான் ஓட்டினார்கள். பிறகு சொந்த எஞ்சின் வந்தது. சொந்தக் கியர்பொக்ஸோ அவர்களது இராணுவத்தின் சோதனையில் தேறவில்லை. வெட்கப்படாமல் கொரிய எஞ்சினோடு ஜேர்மன் கியர்பொக்ஸைப் பூட்டினார்கள். போலந்து 2022-இல் ஒரே ஒப்பந்தத்தில் 180 கே2 வாங்கியது. சொந்த நாட்டில் தள்ளுபட்ட அந்தக் கியர்பொக்ஸையும் கொரியாக்காரர் கைவிடவில்லை. 2025-இல் துருக்கி இராணுவத்துக்குக் கையளித்த அல்தாய்களில் எஞ்சினும் கொரியா, கியர்பொக்ஸும் கொரியா.